தண்ணீர்ப் பந்தலில் கரைந்த பொட்டலங்கள்

ஆயிரத்து நூற்று அறுபத்துநான்கு வெள்ளி எண்பது சென்.

இந்தத் தொகைக்குக் கடன்பட்டவர் என்று ஆய்வு மையத்தின் பண்டகசாலையில் பெயர் பதியப்பட்டவரே, அந்தக் கடனில் ஒரு சென்னைக்கூடத் தமக்கென்று செலவழிக்காதவரே, ஊசியை மெல்ல ஏற்றி உண்மையை உரக்கச் சொன்னவரே, வெயிலில் நின்றவர்களைத் தேடி வெயிலிலேயே வந்தவரே, ஏட்டில் எண்ணாக இருந்த எங்களை வாய் நிறைய அண்ணே என்றும் அக்கா என்றும் அழைத்தவரே, முப்பத்தாறு ஆண்டுகள் தாதியாக நின்றே உழைத்து இன்று அமரப் போகும் எங்கள் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சிஸ்டர் காமாரியா அவர்களே, தங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும்.

கடனைச் சொல்லி ஒரு பாராட்டு மடலைத் தொடங்குவது முறையல்ல என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடன் வந்த கதையைச் சொன்னால் தங்கள் பெருமை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வேறு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

சற்று முன் இந்த மேடையில் மையத்தின் ஊழியர்கள் தங்களுக்கு அழகான மடல் வாசித்தார்கள். நாங்கள் இந்த மையத்தின் ஊழியர்கள் அல்லோம். பினாங்குத் தீவின் சாலையோரங்களில் புல் வெட்டுகிறவர்கள், சருகு கூட்டுகிறவர்கள். டாக்டர் மோகனராஜ் அவர்கள் நடத்திய ஆய்வுக்கு, வெயிலில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று பார்த்த அந்த ஆய்வுக்கு, ரத்தம் கொடுத்தவர்கள். நாங்கள் கொடுக்கத் தாங்கள் வாங்கி இரண்டு பருவம் ஒன்றாகப் பாடுபட்டோம். ஆகவே நாங்களும் தங்கள் கூட வேலை பார்த்தவர்கள்தாம் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். எங்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலர் இருக்கிறார்கள். இருந்தாலும், “சிஸ்டர் சொல்லித்தானே நீ வயசு போன காலத்துல எழுத்துப் படிச்ச, நீயே எழுதுலா” என்று இந்தப் பொறுப்பைச் சின்னையா ஆகிய என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

தாங்கள் முதன்முதலில் எங்கள் ஜெலுத்தோங் லோரிக் கொட்டகைக்கு வந்த காலை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஒரு கையில் நீலக் குளிர்பெட்டி, மறு கையில் மடக்கு நாற்காலி, பாஜு கூரோங் உடைமேல் தொங்கும் அடையாள அட்டை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் யுகேந்திரன் முன்னால் போய் மறித்தார்.

“என்னா அக்கா, லோன் குடுக்குற கம்பெனியா?”

“இல்லலா தம்பி. ரத்தம் எடுக்குறவங்க.”

“அதுக்கு லோன் கம்பெனியே பரவாயில்ல.”

கொட்டகையே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே நாற்காலியை விரித்து, அவர் கையையே முதலில் வாங்கி நரம்பு தேடினீர்கள். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில்தான் தமக்குச் சர்க்கரை இருப்பது மண்டோருக்கே தெரிந்தது. அதைத் தாங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அவராகவே பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருவர் உடம்பின் ரகசியத்தை இன்னொருவர் காதில் போடாத தங்கள் நாவடக்கத்தை இந்த இடத்தில் போற்றுகிறோம்.

ஆய்வு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தாங்கள் தாளைப் படித்துக் காட்டினீர்கள். புரியவில்லை என்றதும் தாளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “கிட்னி நம்ம வீட்டு வாஷிங் மெஷின் மாதிரி. தண்ணி விடாம துணியப் போட்டு ஓட்டுனா என்னா ஆவும்? துணியும் போவும், மெஷினும் போவும். நீங்க வெயில்ல தண்ணி இல்லாம ஓட்டிக்கிட்டே இருக்கீங்க. நெழலும் தண்ணியும் உப்பும் நேரத்துக்குக் குடுத்தா மெஷின் தாங்குமா இல்லையா, அதப் பாக்கத்தான் வந்திருக்கோம்.”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நான் அன்று பெருவிரலை மையில் ஒற்றினேன். அடுத்த பருவத்தில் அதே தாளில் என் பெயரை நானே எழுதினேன். முதல் எழுத்தை நான் எழுதி முடிக்கும்வரை பின்னால் வரிசை நின்றது. தாங்கள் ஒருவரையும் அவசரப்படுத்த விடவில்லை.

எங்களை இரண்டு குழுவாகப் பிரித்தீர்கள். முதல் குழுவுக்கு மணிக்கு ஒரு தடவை நிழலில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு உப்புப் பொட்டலம், அவற்றைக் கரைத்துக் குடிக்கத் தண்ணீர். இரண்டாம் குழு அந்தப் பருவம் முழுக்க எப்போதும்போல் வேலை பார்க்க வேண்டும். முதல் குழுவில் நன்மை தெரிந்தால் அடுத்த பருவம் இரண்டாம் குழுவுக்கும் நிழல் வரும், பிறகு குத்தகையிலேயே அது விதியாகும் என்று எங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. நன்மை தெரியாவிட்டால் பழையபடிதான். நானும் வடிவம்மாளும் இரண்டாம் குழு.

வடிவம்மாள் அதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தம்மைப் பற்றி எழுதச் சம்மதம் கொடுத்துவிட்டார். அவர் ரத்தத்தில் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற அளவு முதல் நாளே ஏறியிருந்தது. இதே வேகத்தில் ஏறினால் நாலைந்து வருடத்தில் டயாலிசிஸ் நாற்காலிதான் என்றார் டாக்டர். தாங்களே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தீர்கள். மருந்து கிடைத்தது. வெயிலுக்கு மட்டும் கிளினிக்கில் மருந்து இல்லை. வேலையை விடச் சொன்னவர்களிடம், “விடுறேன், நீங்க வந்து வீட்டு வாடகைய கட்டுங்க” என்பார் வடிவம்மாள். ஆகையால் அடுத்த பருவம் வருமா வராதா என்ற அந்த நிழல் எங்களுக்கெல்லாம் ஒரு வசதி, அவருக்கு அதுவே ஆயுள்.

அவர் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்ட முதல் ஆள் தாங்கள்தாம். பதினோரு வருடம் அவர் பக்கத்தில் வேலை பார்த்த நாங்கள் கேட்டதில்லை.

“குடிச்சா போவணும் சிஸ்டர். எங்க போவேன், ரோட்டுலயா?”

“பாசார்ல கக்கூஸ் இருக்கே.”

“பூட்ஸுல மண்ணு இருக்குன்னு உள்ள விடமாட்டாரு.”

தாங்கள் ஊசிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாசார்ச் சந்தைக்கு நடந்தீர்கள். கழிவறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், “அண்ணே, காலைல உங்க மேசையச் சுத்திக் கெடந்த குப்பை எங்க போச்சு?” என்று கேட்டீர்கள். அவர் முழித்தார். “இவங்கதான் கூட்டுனாங்க. சும்மா வரல, இருபது சென் குடுத்துட்டுத்தான் போவாங்க” என்று சொல்லித் தங்கள் பையிலிருந்து முதல் காசை மேசைமேல் வைத்தீர்கள். அந்தப் பெரியவர் இப்போது வடிவம்மாளைக் கண்டால் வாளியை நகர்த்தி வழிவிடுகிறார். எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் அன்றிலிருந்துதான் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள். இது ஆய்வில் இல்லாத வேலை, சம்பளத்திலும் இல்லாத வேலை.

வறட்சி மாதம் வந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அந்தப் பருவத்தின் கடைசி ரத்தம் எடுத்தீர்கள். முடிவு வந்தது. நிழலில் இருந்த முதல் குழுவுக்கும் வெயிலில் காய்ந்த எங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அதை டாக்டர் வருத்தத்தோடுதான் கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனி வருத்தப்படவில்லை. மண்டோர் காலையில் லோரிமேல் ஏறி நின்று அறிவித்தார்: “ஆஸ்பத்திரிக்காரங்களே சொல்லிட்டாங்கலா. ரெஸ்ட்டு எடுத்தாலும் ஒன்னுதான், எடுக்காட்டியும் ஒன்னுதான். மெஷின எடுங்க.” வடிவம்மாள் துடைப்பத்தை எடுத்தார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம், “அப்ப நமக்கு நெழல் இல்ல, அப்படித்தானே?” என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

தாங்கள் அந்த முடிவை நம்பவில்லை. முதல் குழுவினர் காலிப் பொட்டல உறைகளை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் குறையவில்லை. கணக்கு அவ்வளவு சரியாக இருந்ததுதான் தங்களுக்குப் பிடிபடாமல் இருந்தது என்று பிற்பாடு சொன்னீர்கள்.

தைப்பூசத்தன்று ஜாலான் ஆயர் தெர்ஜுன் சாலையை அடைத்திருந்தார்கள். தங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் தாங்கள் பஸ்ஸைத் தேடி வெயிலில் நடந்து வந்தீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எதிரே வருகிறது. சாலையோரத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். புல்வெட்டுகிறவர்கள் வருடா வருடம் போடுகிற பந்தல்தான் அது, முதல் குழுவைச் சேர்ந்த கோகுலன் தலைமை. அண்டாவில் அகப்பையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தவன் நான். என்ன கலக்குகிறேன் என்று எனக்கே தெரியாது.

கோகுலன் ஆள் பார்க்காமல் கூவிக்கொண்டிருந்தான். “வாங்கக்கா, ஜில்லுன்னு ஒரு கப்பு, வாங்கக்கா.” தாங்கள் வாங்கி ஒரு மடக்குக் குடித்தீர்கள். அப்படியே நின்றுவிட்டீர்கள். மையத்துக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பொட்டலத்தைத் தாங்களே கரைத்துக் குடித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குக் கொடுப்பது தங்கள் வழக்கம். அந்த உப்பும் எலுமிச்சையும் கலந்த ருசி தங்கள் நாக்கில் ஏறிப்போயிருந்தது.

“தம்பி, இது எந்தக் கடை சர்பத்து?”

“கடைல வாங்குனது இல்லக்கா, இது சாமி குடுத்தது.”

“அப்ப சாமிக்கு யாரு சப்ளை?”

கோகுலன் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த கப்பு தோரணத்து மாவிலைமேல் கொட்டியது. எனக்கும் அப்போதுதான் அகப்பை நின்றது.

அந்த வருடம் சர்பத்து உபயம் செய்கிற கடைக்காரர் கடையை மூடிவிட்டார். பந்தல் இல்லாமல் ஒரு தைப்பூசமா என்று முதல் குழுவினர் கூடிப் பேசினார்கள். எல்லோரும் விரதம். தினமும் நான்கு பொட்டலம் வருகிறது. ரெண்டு உடம்புக்கு, ரெண்டு புண்ணியத்துக்கு என்று முடிவாயிற்று. உறையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி, அதை மீற அவர்களுக்கு மனம் வரவில்லை. உறையைக் கிழித்துத் தூளை மைலோ டின்னில் தட்டிவிட்டு உறையைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிழல் நேரத்திலும் பாதி நாள் பந்தலுக்கு மூங்கில் தேடிப் போனார்கள். ஒருவரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. சிஸ்டர் கேட்டது உறையை, நாங்கள் கொடுத்தது உறையை என்றே அவர்கள் மனம் இருந்தது.

இதையெல்லாம் கோகுலன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். தாங்கள் பந்தலின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டீர்கள். திட்டு விழும் என்று நாங்கள் காத்திருந்தோம். தாங்கள் கப்பை நீட்டி, “இன்னொன்னு ஊத்து, வெயிலா இருக்கு” என்றீர்கள். குடித்து முடித்ததும், “யாரு யாரு குடிச்சாங்க இதை?” என்று கேட்டீர்கள். கோகுலன் சாலையைக் காட்டினான். காவடியும் பால்குடமுமாய் ஊரே போய்க்கொண்டிருந்தது. “சரிதான். இத்தன பேருகிட்ட நான் எங்க போய் ரத்தம் எடுப்பேன்” என்று சொன்னீர்கள். எழுந்து போகும்போது அண்டாவைத் திரும்பிப் பார்த்தீர்கள். சிரிப்பா கவலையா என்று எங்களால் கண்டுகொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை டாக்டர் மோகனராஜ் அவர்களே எங்களிடம் சொன்னார். அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், பிழையிருந்தால் திருத்துவார். தாங்கள் மறுநாள் அவர் அறைக்குப் போய் நடந்தது முழுவதையும் சொன்னீர்கள். பாதியைத்தான் குடித்திருக்கிறார்கள், ஆகவே நிழலும் தண்ணீரும் பயனில்லை என்று இந்த ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, முழுதாகக் குடித்து இன்னொரு பருவம் பார்த்தால்தான் தெரியும் என்றீர்கள். தங்கள் விருப்ப ஓய்வுக் கடிதம் அப்போது அவர் மேசையில் இருந்தது.

“சிஸ்டர், இன்னொரு பருவம்னா இன்னொரு வருஷம். வேற ஆளைப் போட்டா இவங்க நம்பிக் கையக் குடுக்க மாட்டாங்க. நீங்க ரிட்டையர் ஆகணும்னு சொன்னீங்களே.”

“ரிட்டையர்மெண்ட் எங்கயும் ஓடிராது டாக்டர். அந்த அக்கா கிட்னி ஓடிரும்.”

கடிதத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள். முழங்கால் வலியோடு ஜெலுத்தோங்கில் தனியாக நூடுல்ஸ் வறுத்து மீ கோரெங் கடை நடத்தும் தங்கள் கணவர் கமால் அண்ணனுக்கு, அடுத்த மாதத்திலிருந்து கல்லாவில் வந்து உட்காருகிறேன் என்று தாங்கள் கொடுத்திருந்த வாக்கும் அந்தக் கைப்பைக்குள்ளேயே போயிற்று. அண்ணன் எங்களிடம் குறைபட்டுக்கொண்டது இவ்வளவுதான்: “வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அவளுக்குன்னு எடுத்து வச்ச மீ ரெண்டு தடவ ஆறிப்போச்சு.”

நடந்ததை அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தீர்கள். எழுதாமலே இருந்திருக்கலாம். உறைக்கணக்கு சரியாக இருந்ததால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. எழுதியதால் பண்டகசாலை கேட்டது: ஆய்வில் சேராதவர்கள் குடித்த பொட்டலம் எழுநூற்று இருபத்தெட்டு, ஒன்று ஒரு வெள்ளி அறுபது சென், பொறுப்பாளர் யார்? தாங்கள் கையெழுத்திட்டீர்கள். ஓய்வு பெறும்போது பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று பதிவாயிற்று. ஊருக்கு நாங்கள் ஊற்றிய தண்ணீருக்குத் தாங்கள் கடனாளி ஆனீர்கள். அதை எங்களிடம் தாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்த பருவம் வந்தது. நிழல் இந்தத் தடவை இரண்டு குழுவுக்கும். கம்பெனியை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எங்களுக்கு முழுதும் தெரியாது. மண்டோரின் சர்க்கரை அளவும் அதில் கொஞ்சம் உதவியிருக்கும் என்று பேச்சு. விரதம் தொடங்கும் முன் தாங்கள் கொட்டகைக்கு வந்து எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தீர்கள்.

“உங்க விரதத்தப் பத்தி நான் பேசக் கூடாது. நான் நோன்பு புடிக்கிற ஆளு, அது எனக்குத் தெரியும். ஆனா இந்த நாலு பொட்டலமும் உங்க வயித்துக்குள்ள போகணும். உங்க விரதத்துல இதுக்கு எடம் இருக்கான்னு நீங்களே பேசிச் சொல்லுங்க.”

நாங்கள் பேசினோம். பேச்சு நீண்டது. உப்புத் தண்ணீர் விரதத்தில் சேருமா என்று ஒருவர், மருந்து என்றால் சேரும் என்று ஒருவர். கடைசியில் கோகுலன் எழுந்து, “நாலையும் குடிச்ச அன்னிக்குத்தான் அந்த நாள் விரதம் கணக்கு. ஒன்னு கொறஞ்சாலும் காவடி எடுக்கக் கூடாது” என்று கட்டு வைத்தான். அதற்குப் பிறகு தாங்கள் உறையை எண்ண வேண்டியே இருக்கவில்லை. ஒருவன் குடிக்காவிட்டால் மற்றவர்கள் விடமாட்டார்கள். பந்தலுக்கு இரண்டு பெட்டி ரோஸ் சிரப்பு வந்து இறங்கியது. அனுப்பியது யாரென்று கேட்டால் கமால் அண்ணன் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறார்.

முடிவையும் தாங்களே கொண்டுவந்தீர்கள். ஐந்து ஊர்களில் நடந்த ஆய்வு அது, கட்டுரை ஆங்கிலத்தில் வந்திருந்தது. உங்க ரத்தத்துல எழுதினது உங்களுக்குத் தெரியணும் என்று சொல்லிக் கொட்டகையில் நின்றுகொண்டே தமிழில் சொன்னீர்கள். முன்பெல்லாம் வேலை முடிந்த மாலையில் பத்துப் பேரில் நாலு பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கிய அடையாளம் இருந்தது, நிழலும் தண்ணீரும் முழுதாகக் கிடைத்த பருவத்தில் பத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது என்றீர்கள். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. கெட்டுப்போன பகுதி திரும்பாது, எத்தனை வருடம் இந்தப் பலன் நிற்கும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, ஒரு ஆய்வு போதாது என்றும் சொன்னீர்கள். பந்தல் கதை எங்கே என்று கோகுலன் கேட்டான். “பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினர் பானத்தை வேறு பயனுக்குத் திருப்பிவிட்டனர்” என்று ஒரு வரி இருப்பதைக் காட்டினீர்கள். “அவ்ளோதானா அக்கா? அண்டா இல்ல, தோரணம் இல்ல, என் பேருகூட இல்ல” என்று அவன் சலித்துக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு வடிவம்மாளைத் தனியாக அழைத்தீர்கள். பேசியதை அவரே எங்களிடம் சொன்னார். “அளவு கொறையலக்கா. ஆனா ஏறாம நிக்குது. முழுசா ஒரு வருஷமா நிக்குது.” நின்றால் போதுமா என்று அவர் கேட்டாராம். “நமக்கு வேண்டியது அதுதான்” என்றீர்களாம். அவர் அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனார்.

இப்போது புதுக் குத்தகையில் நிழல் நேரம் எழுத்தில் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை மண்டோர் விசில் ஊதுகிறார். “நான் அப்பவே சொன்னேன்லா” என்கிறார். எப்போது சொன்னார் என்று நாங்கள் கேட்பதில்லை.

சிஸ்டர் அவர்களே, வெயிலில் காய்த்துப்போன எங்கள் கைகளில் நரம்பு தேடுவது உப்பு மூட்டையில் ஊசி தேடுகிற வேலை. தாங்கள் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி எங்கள் முழங்கையின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பீர்கள். நரம்பு தானாக எழுந்து வரும். எங்களில் பலருக்கு அப்படி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை எந்தக் கட்டுரையிலும் எழுத முடியாது என்பதால் இந்த மடலில் எழுதுகிறோம்.

எங்களுக்குத் தாங்கள் சொன்ன வைத்தியத்தையே தங்களுக்கு வாழ்த்தாகத் திருப்பிச் சொல்கிறோம். மணிக்கு ஒரு தடவை உட்காருங்கள். நிழலில் உட்காருங்கள். தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடியுங்கள். கமால் அண்ணன் கடைக் கல்லாவில் விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள், மீயைச் சூடாகவே சாப்பிடுங்கள், முட்டி வலியில்லாத முதுமையும் மனம் சலிக்காத மாலைகளும் அண்ணனோடு சேர்ந்து நூறாண்டுக் காலம் தங்களுக்கு வாய்க்கட்டும். புல் வெட்ட அந்தப் பக்கம் வருகிற நாளெல்லாம் தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று எட்டிப் பார்ப்போம்.

இனி முதல் வரிக்கு வருகிறோம்.

கடன் இருக்கிற செய்தி கமால் அண்ணன் வாயிலிருந்து தவறி விழுந்தது. நாங்கள் லோரியோடு பண்டகசாலைக்குப் போனோம். அங்கே இருந்த காமினி என்ற பெண், “அண்ணே, இது சிஸ்டர் பேர்ல இருக்கு” என்றார். வேறு ஆள் கட்டலாமா என்று கேட்டோம். “கட்டலாம். ரசீது அவங்க பேர்லதான் வரும்” என்றார். அது போதும் என்றோம்.

பலன் நிற்கிறதா என்று பார்க்கப் போன மாதம் கடைசியாக ஒரு தடவை ரத்தம் எடுத்த அன்று, போக்குவரத்துச் செலவுக்கு என்று ஆளுக்கு ஐம்பது வெள்ளி உறையில் போட்டுத் தாங்களே எங்கள் கையில் கொடுத்தீர்கள். நாங்கள் எல்லோரும் கம்பெனி லோரியில் வந்தவர்கள். செலவு ஒன்றும் இல்லை. இருபத்தெட்டுப் பேராகத் தொடங்கி, வேலை மாறியும் ஊர் மாறியும் ஒருவர் காலமாகியும், கடைசியில் நின்றவர்கள் இருபத்துநான்கு பேர். ஆக, ஆயிரத்து இருநூறு வெள்ளி. கோகுலன் முதலில் வைத்தான், வடிவம்மாள் இரண்டாவது. வேண்டாம் என்று தாங்கள் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் சொல்லாமல் செய்தோம். உறையைத் திருப்பித் தருவது எங்களுக்குப் பழக்கமானதுதான். இந்தத் தடவை உள்ளே இருந்ததோடு தந்திருக்கிறோம்.

மீதி முப்பத்தைந்து வெள்ளி இருபது சென். அதில் முப்பத்தைந்து வெள்ளிக்கு ஜெலுத்தோங்கில் இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கினோம். இருபது சென்னை வடிவம்மாள் எடுத்துக்கொண்டார், அது தங்களுக்கு அவர் தர வேண்டிய பழைய கக்கூஸ் காசாம். மடலோடு சேர்த்துத் தங்கள் கையில் கொடுப்பார், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் பின்புறம் ரசீதை ஒட்டியிருக்கிறோம். பண்டகசாலையின் முத்திரை இருக்கிறது, காமினியின் கையெழுத்து இருக்கிறது. தங்கள் பெயருக்கு நேரே பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறது.

முதல் குழு, இரண்டாம் குழு என்ற பிரிவு இனி இல்லாத
இருபத்துநான்கு பேர்,
ஜெலுத்தோங் லோரிக் கொட்டகை, பினாங்கு.
எல்லோருக்காகவும் எழுதிக் கையெழுத்திட்டவர்: சின்னையா